மொய் நோட்டும் கூகுள் டாக்ஸும்: ஒரே பக்கத்தில் நான்கு பேர் எழுதுவது எப்படி?

ஏப்ரல் பிறந்தால் எங்கள் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். இறுதியாண்டு மாணவர்கள் நான்கு பேர் கவுன்டரில் சாய்ந்து நிற்பார்கள். ஒருவன் போனில் வாட்ஸ்அப் குரூப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டே இருப்பான். "ரிப்போர்ட் ஃபைனல்", "ரிப்போர்ட் ஃபைனல் 2", "ஃபைனல் கரெக்டட்", "இதுதான் ஃபைனல்" என்று வரிசையாக ஃபைல்கள் வந்துகொண்டிருக்கும். கடைக்காரர் பொறுமையாக, "எதைத் தம்பி போடணும்?" என்பார். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நான் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவன். ஒரு வருடம் ஒரு பேட்ச் ஐந்து பிரதிகளை பைண்டிங் செய்து, அட்டையில் தங்க எழுத்தெல்லாம் அடித்துக் கொண்டுவந்தார்கள். கைடு, அதாவது ப்ராஜெக்டுக்கு வழிகாட்டும் ஆசிரியர், புரட்டிப் பார்த்தார். நான்காவது அத்தியாயத்தில் அவர் சொன்ன திருத்தம் ஒன்றுகூட இல்லை. திருத்தியது உண்மைதான். திருத்திய ஃபைல் ஒரு பையனின் லேப்டாப்பில் இருந்தது. அச்சானது இன்னொருத்தியின் போனில் இருந்த ஃபைல். "எல்லாருக்கும் ஷேர் பண்ணிட்டேன் சார்" என்று அந்தப் பையன் அழாத குறையாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. சிக்கல் அந்த "ஷேர்" என்ற சொல்லில் இருந்தது.

## ஒரு சொல், இரண்டு வேலை

"ஷேர் பண்ணு" என்று நாம் சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களை ஒரே பெயரில் சொல்கிறோம்.

முதலாவது, நகல் அனுப்புவது. வாட்ஸ்அப்பில் ஒரு வேர்டு ஃபைலைப் போடுகிறீர்கள். அதைத் திறக்கும் ஒவ்வொருவர் போனிலும் தனித்தனிப் பிரதி இறங்குகிறது. இறங்கிய நொடியிலிருந்து அந்தப் பிரதிகளுக்குள் எந்தத் தொடர்பும் கிடையாது. உங்கள் லேப்டாப்பில் நீங்கள் ஒரு எழுத்தை மாற்றினால் மற்ற மூன்று பேருக்கும் அது தெரிய வழியே இல்லை.

இரண்டாவது, இடத்தைக் காட்டுவது. இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் கூகுள் டாக்ஸின் லிங்க் ஒன்றை அனுப்பினால், ஃபைல் எங்கும் போவதில்லை. அது இருக்கும் இடத்துக்கு வழி சொல்கிறீர்கள். நான்கு பேரும் அங்கே வந்து, அந்த ஒன்றையே பார்க்கிறார்கள், அதிலேயே எழுதுகிறார்கள்.

வீட்டுச் சாவியை நான்கு பேரிடம் கொடுப்பதற்கும், அதே மாதிரி நான்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நான்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தால் மற்ற மூன்றும் ஏன் வெளுக்கவில்லை என்று கேட்க முடியுமா? குரூப் ப்ராஜெக்டில் நாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, நான்கு பேர் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் வெள்ளையடித்தால் இடித்துக்கொள்ள மாட்டார்களா? அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

## மொய் எழுதும் மேசை

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், ஒருவர் நோட்டில் எழுதுவார். வரிசை எண், ஊர், பெயர், தொகை. (இப்போது மதுரைப் பக்கம் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீதே கொடுக்கிறார்கள். நமக்குப் பழைய நோட்டே போதும்.)

கூட்டம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 20 பெயர் எழுதியதும், மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அந்தப் பக்கத்தை நான்கு ஜெராக்ஸ் எடுத்து, நான்கு மேசையில் நான்கு பேரை உட்கார வைக்கிறார். கூட்டம் சீக்கிரம் கரைந்துவிடும். ஆனால் இரவு பந்தி முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் தலைவலி ஆரம்பம். நான்கு நோட்டிலும் முதல் 20 ஒன்றுதான். 21ஆவது ஆள் நான்கு நோட்டிலும் வேறு வேறு. போதாததற்கு, மூன்றாவது மேசைக்காரர் 12ஆவது வரியில் இருந்த 500ஐ அடித்து 1,000 ஆக்கியிருக்கிறார். மற்ற மூன்று நோட்டில் இன்னும் 500. எது சரி? 500தான் என்று மூன்று நோட்டு சொல்கிறது, ஆனால் சரியானது திருத்திய அந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

ஒரே பொருளின் இரண்டு நகல்கள் இரண்டு விதமாக மாறி, எது சரி என்று தானாக முடிவுசெய்ய முடியாமல் நிற்கும் நிலைக்கு மோதல் என்று பெயர். வாட்ஸ்அப் வழியாக ரிப்போர்ட் எழுதும் ஒவ்வொரு பேட்சும் இந்த மோதலை இரவு பதினொரு மணிக்கு மேல் கையால் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

## முதல் வைத்தியம்: பூட்டு

இதற்குப் பழைய தீர்வு எளிது. ஒரு நோட்டு, ஒரு பேனா. பேனா யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் மொழியில் இதைப் பூட்டு என்பார்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் பொதுவாக வைத்திருக்கும் வேர்டு ஃபைலை ஒருவர் திறந்திருக்கும்போது நீங்களும் திறந்தால், "இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார், நீங்கள் படிக்க மட்டும் செய்யலாம்" என்று வருமே, அதுதான். திறந்து வைத்த ஆள் டீ குடிக்கப் போய்விட்டால் அவ்வளவுதான்.

விக்கிப்பீடியா வேறு வழியைப் பிடித்தது. அங்கே பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரே கட்டுரையைத் திறந்து திருத்தலாம். ஆனால் நீங்கள் சேமிக்கும் நேரத்தில், நீங்கள் திறந்த பிறகு வேறொருவர் அதே கட்டுரையை மாற்றியிருக்கிறாரா என்று பார்க்கும். வேறு வேறு பத்தியில் கைவைத்திருந்தால் இரண்டையும் தானே சேர்த்துக்கொள்ளும். ஒரே இடத்தில் கைவைத்திருந்தால் இரண்டையும் உங்கள் முன் விரித்து, "நீங்களே பார்த்துச் சேருங்கள்" என்று விட்டுவிடும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சேமிப்பது எப்போதோ ஒருமுறை என்பதால் அங்கே இது தாங்கும். நான்கு மாணவர்கள் ஒரே பத்தியில் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டிருந்தால் தாங்காது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: நகல் கொடுத்தால் மோதல் வரும். பூட்டினால் மோதல் வராது, ஆனால் மூன்று பேர் சும்மா உட்கார வேண்டும்.

## பக்கத்தை அனுப்பாதே, மாற்றத்தை அனுப்பு

இனி கூகுள் டாக்ஸ் செய்வதைப் பார்ப்போம். பலரும் நினைப்பது, யாராவது ஒரு எழுத்தைத் தட்டினால் முழுப் பக்கமும் புதிதாக எல்லோருக்கும் போகிறது என்று. அப்படி இல்லை. போவது மாற்றம் மட்டும்: "இத்தனையாவது இடத்தில் இந்த எழுத்தைச் சேர்", "இத்தனையாவது இடத்தில் உள்ளதை நீக்கு". ஒரு டாக்ஸ் பக்கத்தில் நீங்கள் எழுதுவதில் பெரும்பகுதி இந்த இரண்டு வகைக் கட்டளைகளுக்குள் அடங்கிவிடும். தடித்த எழுத்து, தலைப்பு அளவு போன்றவற்றுக்கு இன்னும் சில உண்டு, அவ்வளவே.

மொய் மேசையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், "கரூர் பழனிச்சாமி, ஐந்நூறு" என்று கூவுகிறோமே, அது மாதிரி. கூவுவது ஒரு வரி. எழுதுபவர் அதை நோட்டில் ஏற்றுகிறார்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. "இத்தனையாவது இடம்" என்பது நம்பத்தக்க முகவரி இல்லை. ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பாருங்கள். "வரிசையில் ஐந்தாவதாக நிற்கும் அம்மாவிடம் இந்தப் பையைக் கொடு" என்று மகனை அனுப்புகிறீர்கள். அவன் போய்ச் சேர்வதற்குள் யாரோ இரண்டாவது இடத்தில் நுழைந்துவிட்டார். இப்போது அம்மா ஆறாவது. பையன் சொன்னபடி ஐந்தாவது ஆளிடம் பையைக் கொடுத்தால், அது வேறு யாரோ ஒரு மாமாவின் கைக்குப் போகும். விவரமான பையன் என்றால், "நடுவில் ஒரு ஆள் நுழைந்தார், அப்படியானால் அம்மா ஆறாவது" என்று கணக்கைச் சரிசெய்துகொள்வான்.

கூகுள் டாக்ஸுக்குள் இருப்பது அந்த விவரமான பையன்தான்.

## 2500 ரூபாயை வைத்து ஒரு கணக்கு

கவிதா, பிரபு என்று இரண்டு பேர் தங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் செலவுப் பட்டியலைத் திருத்துகிறார்கள். ஒரு கட்டத்தில் 2500 என்று இருக்கிறது.

கவிதா சென்சார் பில்லைப் பார்த்துவிட்டு, முன்னால் ஒரு 1 சேர்க்கிறாள். அவள் திரையில் 12500. அவள் அனுப்பும் கட்டளை: "முதல் இடத்தில் 1 சேர்".

அதே நொடியில் பிரபு இரண்டாவது இலக்கமான 5ஐ 6 ஆக்குகிறான். அவன் திரையில் 2600. அவன் அனுப்பும் கட்டளை: "இரண்டாவது இடத்தில் உள்ளதை எடுத்துவிட்டு 6 போடு".

இருவரும் தங்கள் திரையில் மாற்றத்தை உடனே பார்த்துவிட்டார்கள். தட்டிய எழுத்து எங்கோ போய்த் திரும்பி வரும்வரை காத்திருக்க வைத்தால் யாருக்கும் எழுத வராது என்பதால், அவரவர் திரையில் முதலில் காட்டிவிடுவார்கள். பிறகுதான் மற்றவரின் கட்டளை வந்து சேரும்.

பிரபுவின் திரையில் கவிதாவின் கட்டளை வருகிறது. 2600க்கு முன்னால் 1. ஆக, 12600. சரி.

கவிதாவின் திரையில் பிரபுவின் கட்டளை வருகிறது. அங்கே இருப்பது 12500. "இரண்டாவது இடத்தில் 6 போடு" என்பதை அப்படியே செய்தால், இரண்டாவது இடத்தில் இருக்கும் 2 போய் 6 வந்து, 16500 ஆகிவிடும்!

ஒரே பக்கம், இரண்டு பேர், இரண்டு தொகை. இதுபோல ஒரு மணி நேரம் போனால் இரண்டு திரைக்கும் சம்பந்தமே இருக்காது.

இங்கேதான் பையன் வேலை செய்கிறான். பிரபுவின் கட்டளை கவிதாவின் திரைக்கு வரும்போது, "இவன் இதை அனுப்பியபோது முன்னால் அந்த 1 இல்லை. இப்போது ஒரு இடம் தள்ளிப்போயிருக்கிறது. அதனால் இரண்டாவது இடம் என்பதை மூன்றாவது இடம் என்று மாற்றிச் செய்ய வேண்டும்" என்று கணக்குப் போடுகிறான். மூன்றாவது இடத்தில் இருப்பது 5. அது 6 ஆகிறது. 12600. இரண்டு திரையும் ஒன்றாகிவிட்டன.

வந்த கட்டளையை, இடையில் நடந்த மாற்றங்களுக்கு ஏற்பத் திருத்திச் செயல்படுத்தும் இந்த முறைக்கு ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று பெயர். பெயர் பெரிது. விஷயம் ரேஷன் கடை வரிசைதான்.

இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எழுத்தைச் சேர்த்தால்? அப்போது யாராவது முந்தி, பிந்தி சொல்ல வேண்டும். நடுவில் சர்வர் இருக்கிறது. எல்லோருடைய கட்டளையும் வந்து சேரும் பொதுக் கம்ப்யூட்டர் அது. மொய் மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூவினாலும் அவர் ஒன்றை 21 என்றும் மற்றதை 22 என்றும்தான் எழுதுவார். அந்த வரிசை எண்தான் எல்லோருக்கும் பொது. இரண்டு பேர் எழுதியதும் பக்கத்தில் இருக்கும். எது முன்னால் என்பதை மட்டும் சர்வர் முடிவுசெய்யும்.

## யாரும் எழுதாத தொகை

மேலே சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். கவிதாவுக்கு வேண்டியது 12500. பிரபுவுக்கு வேண்டியது 2600. கிடைத்தது 12600. அந்தத் தொகையை யாருமே நினைக்கவில்லை, யாருமே எழுதவில்லை.

இயந்திரம் தப்பு செய்யவில்லை. எல்லோர் திரையிலும் ஒன்றே தெரியும் என்பது மட்டும்தான் அது கொடுத்த வாக்கு. அந்த ஒன்று சரியா, பில்லோடு ஒத்துப்போகிறதா என்பது அதற்குத் தெரியாது. வாக்கியங்களுக்கும் இதே கதிதான். ஒருவர் "மாதிரி வெற்றிகரமாக இயங்கியது" என்பதை "இயங்கவில்லை" என்று திருத்த, இன்னொருவர் அதே நேரத்தில் வரியின் தொடக்கத்தில் "எதிர்பார்த்தபடியே" என்று சேர்த்தால், மாதிரி எதிர்பார்த்தபடியே இயங்காத ஒரு ரிப்போர்ட் தயாராகிவிடும். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் சரியாக அந்த வரியில்தான் விரலை வைப்பார்.

"டாக்ஸில் போட்டுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்பது எதிர்த் திசையில் உள்ள தப்பு நம்பிக்கை. வாட்ஸ்அப் குரூப் இங்கேதான் உண்மையில் தேவைப்படுகிறது. "நான் இப்போ மூணாவது அத்தியாயத்துல இருக்கேன், யாரும் தொடாதீங்க" என்று ஒரு வரி போட்டால் போதும். பேசுவதற்கு வாட்ஸ்அப், எழுதுவதற்கு டாக்ஸ். இரண்டையும் இடம் மாற்றி வைத்து, வாட்ஸ்அப்பில் எழுதி டாக்ஸின் ஓரத்தில் சண்டை போடும் பேட்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுருக்கமாக, டாக்ஸ் அனுப்புவது மாற்றங்களை. வந்து சேரும் மாற்றத்தின் இடத்தைச் சரிசெய்து போடுகிறது. எல்லோருக்கும் ஒரே பக்கம் கிடைக்கும், அர்த்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்.

## தமிழில் தட்டும்போது

இலக்கத்தை வைத்துக் கணக்குச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் இடம் எண்ணுவது நாம் நினைப்பது போல இல்லை. "தமிழ்" என்பதில் நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். "தமிழ்" என்று தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் புள்ளி மட்டும் போய் "தமிழ" என்று நிற்கும். நமக்குப் பாதி எழுத்தாகத் தெரிவது அதற்கு ஒரு முழு இடம். மாற்றங்களை எண்ணும்போது அது எண்ணுவது அதன் கணக்குப்படிதான்.

## இது எப்போது வந்தது?

கூகுள் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் அதிகம். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கக் கணினி ஆய்வாளர் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். மவுஸை உலகம் முதன்முதலில் பரவலாகப் பார்த்த மேடை அது. அதில், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த தன் சக ஊழியர் ஒருவரோடு, ஒரே பக்கத்தை இருவரும் திரையில் பார்த்தபடி வேலை செய்து காட்டினார். ஓரத்தில் அந்தச் சக ஊழியரின் முகமும் வீடியோவில் தெரிந்தது.

ரேஷன் கடைக் கணக்கு வந்தது 1989இல். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் குரோவ் என்ற கூட்டு எழுத்துக் கருவியைச் செய்தபோது இந்த முறையை எழுதிவைத்தார்கள். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இந்த எல்லிஸ்தான். 1995இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் நடுவில் ஒரு சர்வரை வைத்து இதை எளிமையாக்கியது. (ஆமாம், நம் தெருமுனைக் கடைக்குப் பெயர் கொடுத்த அதே ஜெராக்ஸ்.) 2005இல் ரைட்லி என்ற சின்ன கம்பெனிப் பொருள் வந்தது, 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது, அதுதான் டாக்ஸ் ஆனது. ஒவ்வொரு எழுத்தும் மற்றவர் திரையில் உடனுக்குடன் தெரியும்படி 2010இல் அதைத் திரும்ப எழுதினார்கள்.

## "எல்லாம் அழிஞ்சு போச்சு சார்"

மாணவர்கள் லிங்க் கொடுக்கத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் பயம். யாராவது தெரியாமல் அழித்துவிட்டால்?

மொய் நோட்டுக்குத் திரும்புவோம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் கூட்டிச் சொல்கிறோம். அந்தக் கூட்டுத்தொகை ஒரு தாளில் தொலைந்து போனால் யாரும் பதற மாட்டார்கள். வரிகள் இருக்கின்றன, மறுபடி கூட்டிக்கொள்ளலாம். டாக்ஸில் நீங்கள் பார்க்கும் பக்கம் அந்தக் கூட்டுத்தொகை மாதிரி. அதற்குப் பின்னால் மாற்றங்களின் வரிசை இருக்கிறது. "நீக்கு" என்பதும் அந்த வரிசையில் இன்னொரு வரிதான். அதற்கு முந்தைய வரிவரை மட்டும் கூட்டினால், நீக்குவதற்கு முன் இருந்த பக்கம் வந்துவிடும். இப்படிப் பழைய நிலைகளைத் திரும்பப் பார்க்கும் வசதிக்குப் பதிப்பு வரலாறு என்று பெயர். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று இருக்கும்.

போன வருடம் ஒரு மாணவி லேபுக்கு ஓடிவந்தாள். மூன்றாவது அத்தியாயத்தைக் காணோம், பதினோரு பக்கம். வரலாற்றைத் திறந்தோம். வலப்பக்கம் தேதி, நேரம், பெயர். முந்தின நாள் இரவு 11.42க்கு அவளுடைய டீம் மேட் ஒருவன் பெயருக்குக் கீழே அந்தப் பதினோரு பக்கமும் குறுக்குக் கோடு போட்டு நின்றது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டால், பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் எழுத்துப்பிழை பார்த்தானாம். அத்தியாயம் முழுக்க செலக்ட் ஆகியிருக்கிறது, அடுத்து ஸ்பேஸ் பட்டிருக்கிறது. 11.41 நிலையைத் தேர்ந்தெடுத்து மீட்டோம். ஒரு நிமிடத்து வேலை. அவள் பயந்தது ஒரு இரவு முழுக்க.

இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். திருத்தும் அனுமதி உள்ளவருக்குத்தான் இந்த வரலாறு தெரியும். அப்புறம், "மேக் எ காப்பி" கொடுத்துப் புது ஃபைல் எடுத்தால் வரலாறு கூட வராது. அது புது நோட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பம்.

சில கைடுகள் இந்த வரலாற்றை வைத்து யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரே நிமிடத்தில் நான்கு பக்கம் வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்தோ ஒட்டியது என்று தெரிந்துவிடும். அது நல்லதுதான். ஆனால் பெயரை மட்டும் பார்த்து மார்க்கைக் குறைப்பது எனக்கு ஒப்பவில்லை. லேப்டாப் இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஹாஸ்டலில் நான்கு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி சொல்லச் சொல்ல இன்னொருத்தி தட்டுவாள். தட்டியவள் பெயர்தான் வரலாற்றில் இருக்கும். சொன்னவள் பெயர் இருக்காது.

## லிங்க் யார் கையில்?

லிங்க் கொடுக்கும்போது மூன்று விதமான அனுமதி உண்டு. பார்க்க மட்டும், ஓரத்தில் கருத்து எழுத, நேராகத் திருத்த. டீமில் உள்ளவர்களுக்கு மூன்றாவது, கைடுக்கு இரண்டாவது, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டால் முதலாவது. கருத்து எழுதும் அனுமதி உள்ளவர் ஒரு வரியை மாற்றினால் அது ஆலோசனையாக நிற்கும். டீமில் யாராவது ஏற்றுக்கொண்டால்தான் பக்கத்தில் சேரும். சிவப்பு மையில் கைடு திருத்திக் கொடுத்த காலத்தின் வாரிசு அது.

"லிங்க் உள்ள யாரும்" என்று வைத்துத் திருத்தும் அனுமதி கொடுப்பதுதான் வம்பு. லிங்க் சாவி மாதிரி. வைத்திருப்பவர் யாரென்று கதவு கேட்காது. அதைத் தவறிப்போய் 60 பேர் உள்ள வகுப்புக் குரூப்பில் போட்டுவிட்டால், பக்கத்தின் மேலே "அனானிமஸ் கேபிபாரா", "அனானிமஸ் வோம்பேட்" என்று மிருகங்கள் வரிசையாக வந்து உட்காரும். கூகுள் கணக்கில் நுழையாமல் வருபவர்களுக்கு டாக்ஸ் வைக்கும் பெயர்கள் அவை. ஒன்றிரண்டு வந்தால் சிரிக்கலாம். பத்து மிருகம் சேர்ந்து தலைப்பை மாற்ற ஆரம்பித்தால் சிரிப்பு வராது. ஈமெயில் முகவரியைப் போட்டு ஆள் ஆளாகச் சேர்ப்பது இரண்டு நிமிடம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

## சிக்னல் இல்லாத இடத்தில்

ஊருக்குப் போகும் வழியில் டவர் கிடைக்கவில்லை. ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால், தட்டுவதெல்லாம் உங்கள் போனிலேயே கட்டளைகளாகச் சேர்ந்து கிடக்கும். சிக்னல் வந்ததும் மொத்தமாகப் போகும். இடையில் மற்றவர்கள் இரண்டு மணி நேரம் எழுதியிருந்தால், அந்த ரேஷன் கடைப் பையனுக்கு அன்று கணக்கு நிறைய. எழுத்து தொலையாது. ஆனால் பத்தி எங்கே போய் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கே வேண்டாம் என்று வேறொரு வழியும் இருக்கிறது. வரிசையில் எத்தனையாவது என்று பார்க்காமல், ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத ஒரு பதிவு எண்ணைக் கொடுத்துவிடுவது. வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் உங்கள் ரெஜிஸ்டர் நம்பர் மாறாது, இல்லையா? "5ஆவது இடம்" என்பதற்குப் பதில் "இந்த நம்பருக்கு அடுத்து" என்று சொன்னால், நடுவில் யார் நுழைந்தாலும் பை சரியான அம்மாவிடம் போய்ச் சேரும். சில புதிய கருவிகள் இந்த முறையில் நடக்கின்றன. பயன்படுத்தும் நமக்கு வெளியே வித்தியாசம் தெரியாது.

## கடைக்குப் போகும் முன்

எவ்வளவுதான் ஒரே பக்கத்தில் எழுதினாலும், ஜெராக்ஸ் கடைக்குப் போவது நகல்தான். பிடிஎஃப் ஆக இறக்கிய நொடியில் அது தனி வீடு. அதன்பிறகு டாக்ஸில் யார் எதைத் திருத்தினாலும் அந்த பிடிஎஃபுக்குத் தெரியாது. அந்த ஐந்து பைண்டிங் பிரதி கதை டாக்ஸில் எழுதுபவர்களுக்கும் இந்த ஒரு இடத்தில் நடக்கலாம்.

அதனால் இப்போது எங்கள் லேபில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். லிங்க் குரூப்பின் டிஸ்கிரிப்ஷனில் இருக்கும், யாரும் மேலே தள்ளித் தேட வேண்டாம். கடைசித் திருத்தம் முடிந்ததும் நான்கு பேரும் பக்கத்தை மூடிவிட்டுக் குரூப்பில் "முடிஞ்சது" என்று போட வேண்டும். நான்காவது "முடிஞ்சது" வந்த பிறகு ஒருவர் மட்டும் வெர்ஷன் ஹிஸ்டரியில் போய் அந்த நிலைக்கு "கடைக்குக் கொடுத்தது" என்று பெயர் வைத்துவிட்டு, பிடிஎஃபை இறக்கி, நேராகக் கடைக்காரரின் ஈமெயிலுக்கு அனுப்புவார். குரூப்பில் போடுவதில்லை.

இந்த வருடம் கடைக்காரர் என்னிடம் கேட்டார், "என்ன சார், பசங்க எல்லாம் ஒத்த ஃபைலோட வர்றாங்க?"